தமிழில் லெட்டரிங்: முதலில் எந்த மார்க்கர் வாங்குவது?

6 அக்டோபர் 2024 – வந்த கேள்வி

வருகிற பொங்கலுக்கு நாற்பது பேருக்கு லெட்டரிங்கில், அதாவது எழுத்தைக் கையால் அழகாக வரைந்து, வாழ்த்து அட்டை அனுப்ப ஆசை. வீடியோக்களில் எல்லாரும் டோம்போ கம்பெனியின் டூயல் என்கிற பிரஷ் பேனாவை, தூரிகை மாதிரி முனை உள்ள பேனாவைத்தான் காட்டுகிறார்கள். தோழியிடம் ஒன்று இரவல் வாங்கினேன். ஆங்கிலம் ஓரளவு அழகாக வருகிறது. அதே பேனாவில் தமிழ் எழுதினால் எழுத்து ஒரு பக்கம் சாய்ந்து விழுவது போல இருக்கிறது. கை சரியில்லையா, பேனா சரியில்லையா? எந்த மார்க்கர் வாங்கித் தொடங்கலாம்?

6 அக்டோபர், இரவு

உங்கள் கையில் குறை இல்லை. ‘ப’ ஒன்றை எழுதிப் பாருங்கள், அதிலேயே தெரிந்துவிடும்.

பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தபடி இடது காலைக் கீழே இழுத்து, வலப்பக்கம் நகர்ந்து, வலது காலை மேலே ஏற்றுகிறோம். அந்த வீடியோக்கள் சொல்வது என்ன? கீழே இறங்கும்போது அழுத்து, மேலே ஏறும்போது லேசாக விடு. அப்படி எழுதினால் ‘ப’வின் இடது கால் தூண் மாதிரியும் வலது கால் ஈர்க்குச்சி மாதிரியும் வரும். ‘ம’வுக்கும் ‘ய’வுக்கும் அதே கதி. ஆங்கிலக் கூட்டெழுத்தில் மேலே ஏறும் கோடு பெரும்பாலும் ஓர் எழுத்தை அடுத்த எழுத்தோடு கோக்கிற கோடு. அது மெலிந்தால்தான் அழகு. தமிழில் ஏறுகிற கோடு பல எழுத்துகளுக்கு உடம்பே. அதை மெலியவிட்டால் எழுத்து சாயத்தான் செய்யும்.

டோம்போ டூயல் நல்ல பேனா. ஆனால் அதன் தூரிகை முனை நீளம், மிருதுவும் கூட. தொடங்குகிறவர் கையில் அழுத்தம் எக்குத்தப்பாகப் போகும். அதே டோம்போவில் ஃபுடேனோசுகே என்று ஒன்று வருகிறது. முனை சிறியது. கெட்டி, மிருது என இரண்டு வகை. கெட்டி முனை ஒன்று வாங்கித் தொடங்குங்கள்.

7 அக்டோபர்

காகிதத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். மார்க்கரை விட அது முக்கியம்.

சாதாரண 75 ஜிஎஸ்எம் ஜெராக்ஸ் தாளில் பிரஷ் பேனாவை ஓட்டாதீர்கள். தாள் கைக்கு வழவழப்பாகத் தெரியும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் நார் நாராக இருக்கும். முனை அதில் உரசி உரசிப் பிரிந்துவிடும். என் முதல் பிரஷ் பேனா பத்தே நாளில் பழைய பல்துலக்கும் பிரஷ் மாதிரி ஆனது இப்படித்தான். கம்பெனியின் குறை என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அதே பேனாவில் இன்னொன்று வாங்கி ட்ரேசிங் ஷீட்டில் மட்டும் எழுதினேன், எட்டு மாதம் வந்தது.

ட்ரேசிங் ஷீட்டில் இன்னொரு வசதி, அடியில் கோடு போட்ட தாளை வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் ஸ்கேலும் பென்சிலுமாக உட்கார வேண்டாம்.

மாதக் காலண்டரின் பின்பக்கமும் நன்றாக இருக்கும். தினசரி கிழிக்கிற காலண்டர் இல்லை, அது செய்தித்தாள் மாதிரி மையை உறிஞ்சிவிடும். பெரிய படம் போட்ட வழவழ காலண்டர். மை காயக் கொஞ்சம் நேரமெடுக்கும், கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பொங்கலுக்குள் ஏழெட்டுப் பேர் வீட்டில் பழைய காலண்டர் கழற்றத் தயாராக இருக்கும், சொல்லி வையுங்கள்.

9 அக்டோபர்

முதல் பதிலை மறுபடி படித்துப் பார்த்தேன். ஃபுடேனோசுகே வாங்கித் தொடங்குங்கள் என்று எழுதியது அவசரத்தில் சொன்னது. அதை மாற்றிக்கொள்கிறேன்.

முதலில் எதையும் வாங்க வேண்டாம். வீட்டில் இருக்கிற இரண்டு பென்சிலை எடுத்து, முனைகள் சமமாக நிற்கும்படி ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுங்கள். இரண்டு முனையும் ஒன்றாகத் தாளில் படும்படி, சாய்வு மாறாமல் பிடித்துக்கொண்டு ‘ப’ எழுதுங்கள். இரட்டைக் கோட்டில் ஓர் எழுத்து வரும். இடது காலும் வலது காலும் ஒரே அகலம்! நீங்கள் மேலே ஏற்றினாலும் கீழே இறக்கினாலும் அகலம் மாறாது. கோட்டின் கனத்தை இங்கே தீர்மானிப்பது கை அழுத்தம் அல்ல, முனை நிற்கிற கோணம்.

அதே வேலையைச் செய்கிற மார்க்கர்தான் பட்டை முனை மார்க்கர். கடையில் ‘சிசல் டிப்’ என்று கேளுங்கள். கூரியர் பார்சலில் விலாசம் எழுத வாங்குவார்களே, அந்த பெர்மனென்ட் மார்க்கரிலேயே குண்டு முனை, பட்டை முனை என இரண்டும் வரும். ஒரு பிரஷ் பேனா விலைக்கு இதில் நாலைந்து வாங்கலாம். ஜன்னலைத் திறந்து வைத்து எழுதுங்கள், வாசனை தலையைப் பிடிக்கும். தாளுக்கு அடியிலும் ஓர் அட்டை வையுங்கள், மை ஊடுருவி மேசையில் இறங்கும்.

9 அக்டோபர், பிறகு

கோணம் என்று சொல்லிவிட்டுக் கணக்கைச் சொல்லவில்லை. முனை 5 மி.மீ. அகலம் என்று வைத்துக்கொள்வோம். படுக்கைக் கோட்டுக்கு 45 டிகிரி சாய்த்துப் பிடித்தால் நிற்கிற கோடும் படுக்கிற கோடும் ஒரே கனம், ஏறக்குறைய 3.5 மி.மீ. 30 டிகிரிக்கு இறக்கினால் நிற்கிற கோடு 4.3, படுக்கிற கோடு 2.5. ‘ட’ எழுதிப் பாருங்கள். ஒரு நிற்கிற கோடு, ஒரு படுக்கிற கோடு, அவ்வளவுதான் அந்த எழுத்து. கோணம் பிசகினால் அது உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

முதல் வாரம் முழுக்க ‘பட்டம்’ என்ற ஒரே சொல்லை எழுதுங்கள். வளைவு அதிகமில்லாத சொல், மூன்று எழுத்து பழகினால் போதும். ‘அ’ பக்கம் இப்போதைக்குப் போகாதீர்கள். மேல் வளைவு, கீழே இடப்பக்கச் சுழி, அங்கிருந்து வலப்பக்கம் ஓடுகிற கோடு, கடைசியில் செங்குத்துக் கோடு என்று எல்லாக் கஷ்டத்தையும் ஒரே எழுத்தில் கொண்டுவந்து வைத்திருக்கிறது.

13 அக்டோபர்

ஆயுத பூஜைக்கு ஊருக்குப் போயிருந்தேன். மதுரையில் பெரியப்பா வீடு. பெரியப்பா முப்பது வருஷத்துக்கு மேல் போர்டும் சுவரும் எழுதியவர். ஃபிளெக்ஸ் வந்த பிறகு வேலை குறைந்து, பிறகு நின்றே போனது. பிரஷ்களை இன்னும் வைத்திருக்கிறார். பூஜையில் அவையும் இருந்தன, மண்ணெண்ணெயில் அலசித் துடைத்து, பொட்டு வைத்து.

உங்கள் கேள்வியை அவரிடம் சொன்னேன். பேனா பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பழைய பட்டை பிரஷை எடுத்து, தண்ணீரில் தொட்டு, திண்ணைச் சிமெண்டில் ‘ப’ எழுதினார். இடது கால் மேலிருந்து கீழே. பிரஷை எடுத்தார். வலது கால், அதுவும் மேலிருந்து கீழே. மறுபடி எடுத்தார். கடைசியில் இரண்டையும் அடியில் சேர்த்து ஒரு படுக்கைக் கோடு. மூன்றே இழுப்பு. “ரெண்டு காலும் ஒரே கனமா இருந்தாத்தான் எழுத்து நிக்கும் பாப்பா. நோட்டுல எழுதுற மாதிரி போர்டுல எழுதக்கூடாது.”

சின்ன வயதில் அவர் எழுதுவதை எத்தனையோ நாள் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். வலது காலை மேலிருந்து இறக்குகிறார் என்பது அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. சிமெண்டில் தண்ணீர் காய்ந்து ‘ப’ மறைவதற்குள் நானும் பக்கத்தில் ஒன்று எழுதிவிட்டேன்.

ஆகவே முதல் நாள் சொன்னதில் இன்னொரு திருத்தம். பிரஷ் பேனாவில் தமிழ் சாய்ந்து போவதற்கு உங்கள் கையில் குறை இல்லை என்று எழுதியது பாதி உண்மைதான். கோட்டைப் பிரித்து, கனம் வேண்டிய இடத்தையெல்லாம் மேலிருந்து கீழே இழுத்தால் பிரஷ் பேனாவிலும் ‘ப’ நிற்கும். எழுதுவது வேறு, எழுத்தை வரைவது வேறு. லெட்டரிங் இரண்டாவது வகை.

அவர் சொன்ன இன்னொன்று, நடுவில் அமர்த்துவது. எழுத்தை எண்ணி நடு எழுத்தைக் கண்டுபிடித்தால் தமிழில் ஏமாந்துவிடுவோம். ‘ண’ இருக்கிற அகலத்தில் ‘ர’ இரண்டு உட்காரும். அதனால் முழுச் சொல்லையும் முதலில் ஒரு துண்டுத் தாளில் அதே அளவில் எழுதிக்கொள்வார். ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடிப்பார். மடிப்பு விழுகிற இடம்தான் நடு. அதைப் போர்டின் நடுக்கோட்டோடு வைத்து இரண்டு பக்கமும் சாக்பீஸால் புள்ளி வைப்பார். சுவர் என்றால் நீலப்பொடி தொட்ட நூலை இரண்டு பேர் இழுத்துப் பிடித்துச் சுண்டுவார்கள். அந்த ‘டப்’ சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

14 அக்டோபர்

இடது கையால் எழுதுகிற ஒருவர் கேட்டிருந்தார், பட்டை முனை நமக்கு ஒத்துவருமா என்று. வரும். மார்க்கரின் தண்டு உருண்டைதானே, அதைக் கைக்குள் திருப்பி, முனை வலது கைக்காரருக்கு நிற்கிற அதே சாய்வில் தாளில் நிற்கும்படி செய்துகொள்ளுங்கள். கை எந்தப் பக்கமிருந்து வந்தாலும் கோடு அதேதான். தாளையும் தாராளமாகச் சாய்த்துக்கொள்ளலாம். ஈர மையில் கை படுவதுதான் உண்மையான தொல்லை. உடனே காய்கிற பெர்மனென்ட் மை அதற்கு உதவும். வழவழ காலண்டர் உங்களுக்கு வேண்டாம்.

22 அக்டோபர்

மழை பெய்துகொண்டிருக்கிறது. மை பற்றிச் சொல்ல இதை விட நல்ல நாள் கிடையாது.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு வளைகாப்புக்கு வரவேற்புப் பலகை எழுதிக் கொடுத்தேன். இரண்டு இரவு உட்கார்ந்து எழுதியது. தண்ணீரில் கரைகிற சாய மை என்று தெரிந்தும், உள்ளேதானே வைக்கப்போகிறார்கள் என்று பிரஷ் பேனாவில் எழுதினேன். காலையில் பலகையை வாசலில் வைத்தார்கள். பன்னீர் தெளித்து வரவேற்கிற இடத்துக்குப் பக்கத்தில்! பதினைந்து நிமிடத்தில் ‘வருக’வின் ‘வ’ ஊதாக் கண்ணீராக ஒழுகியது. அந்தப் பெண் “பரவாயில்லக்கா” என்றாள். எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

அதன் பிறகு எந்தப் பேனாவை வாங்கினாலும் முதல் வேலை இதுதான். தாளில் ஒரு கோடு போட்டுப் பத்து நிமிடம் காயவிட்டு, விரலால் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து, துணியால் ஒற்றி எடுப்பேன். ஓடினால் சாய மை. நின்றால் பிக்மென்ட் மையோ (தண்ணீரில் கரையாத நிறத்துகள் கலந்த மை) பெர்மனென்ட் மையோ. சாய மையில் பலவற்றுக்கு வெயிலும் ஆகாது, வெளுத்துவிடும். சகுரா பிக்மா மைக்ரான் பேனாவின் மை பிக்மென்ட் வகை, தண்ணீர் பட்டால் கலங்காது. மெல்லிய கோடு போடவும் அட்டைக்குள் பெயர் எழுதவும் அதைத்தான் வைத்திருக்கிறேன். போஸ்காவும் தண்ணீர் கலந்த பெயின்ட் மார்க்கர்தான், காய்ந்த பிறகு காகிதத்தில் நிற்கும். கறுப்பு அட்டையில் வெள்ளை எழுத்து வேண்டுமென்றால் அதுதான் வழி.

உங்கள் அட்டைகள் தபாலில் போகப்போகின்றன. உறை நனையும் என்று வைத்துக்கொண்டே மையைத் தேர்ந்தெடுங்கள். விலாசத்துக்குச் சாய மை வேண்டவே வேண்டாம்.

24 அக்டோபர்

‘கைவினைக் காகிதம் வாங்கிவிட்டேன், நாற்பது அட்டை’ என்று எழுதியிருக்கிறீர்கள். பார்க்க அழகாக இருக்கும், தெரியும். அதில் பிரஷ் பேனா ஓட்டினால் முனை இரண்டே அட்டையில் பிரிந்துவிடும், மையும் வேர் விட்ட மாதிரி பரவும். திருப்பிக் கொடுக்க முடிந்தால் கொடுங்கள். முடியாவிட்டால் வழவழப்பான ஐவரி அட்டையில் எழுதி, அளவாக வெட்டி, கைவினைக் காகிதத்தின் மேல் ஒட்டிவிடுங்கள். ஓரத்தில் அந்த நார்த்தாள் தெரியும், அதுவும் வீணாகாது.

2 நவம்பர்

நீங்கள் அனுப்பிய ‘பட்டம்’ படங்களைப் பார்த்தேன். ‘ட’ நன்றாக நிற்கிறது. மூன்றாவது வரிசையில் கோணம் பிசகவே இல்லை. அடுத்து ‘கண்ணன்’ எழுதியபோது ‘ண’வின் உள்ளே மை அடைத்துக்கொண்டது என்கிறீர்கள். அது எழுத்தின் உயரம் போதாததால் வருவது.

ஆங்கில எழுத்துக்குப் புத்தகங்களில் முனை அகலத்தைப் போல் நாலு மடங்கு, ஐந்து மடங்கு உயரம் என்று கணக்குச் சொல்வார்கள். தமிழில் அந்தக் கணக்கில் ‘ப’வும் ‘ட’வும் தப்பித்துக்கொள்ளும். ‘ண’, ‘ஞ’, ‘இ’ மாட்டிக்கொள்ளும். ‘ண’வுக்குள் எத்தனை வளைவு! ஒவ்வொன்றுக்கும் நடுவில் வெள்ளை தெரிய வேண்டும். நான் எழுதிப் பார்த்த வரையில் ஏழு மடங்கு உயரம் வைத்தால் எல்லா எழுத்தும் மூச்சு விடுகிறது. 5 மி.மீ. முனைக்கு 35 மி.மீ. உயரம்.

பள்ளியில் தமிழுக்கு இரட்டை வரி நோட்டு, ஆங்கிலத்துக்கு நாலு வரி நோட்டு கொடுப்பார்கள். லெட்டரிங்குக்குத் தமிழுக்கும் நாலு வரி போட்டுக்கொள்ளுங்கள். நடு இரண்டு வரிக்குள் எழுத்தின் உடம்பு, மேலே புள்ளியும் ‘கி’, ‘கீ’யின் மேல்வளைவும், கீழே ‘ழ’, ‘த’, ‘கூ’ போன்றவற்றின் வால். மேல் வரியையும் கீழ் வரியையும் ஒரே தூரத்தில் போட்டால் பக்கம் ஒழுங்காக இருக்கும்.

3 நவம்பர்

இரவு படுத்த பிறகு கணக்கு இடித்தது. 35 மி.மீ. உயரம் என்று சொன்னேன். உங்கள் அட்டை அஞ்சலட்டை அளவு, ஏ6, அகலம் 148 மி.மீ. ‘பொங்கல்’ என்ற சொல் உயரத்தைப் போல் ஏறக்குறைய ஆறு மடங்கு அகலம் வரும். ஒற்றைக்கொம்பு, ப, துணைக்கால், ங், க, ல் என்று எண்ணிப் பாருங்கள். 35 மி.மீ. உயரத்தில் எழுதினால் சொல் 210 மி.மீ.! அட்டையை விட்டு வெளியே போய்விடும்.

பழக 5 மி.மீ. சரி, பெரிதாக எழுதினால்தான் தப்பு தெரியும். அட்டைக்கு அது ஆகாது. இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, பைலட் பேரலல் பேனா. நிப்புக்குப் பதிலாக இரண்டு மெல்லிய தகடு ஒட்டி நிற்கும். 1.5, 2.4, 3.8, 6 மி.மீ. என்று அளவுகள். 2.4 எடுத்தால் ஏழு மடங்கு உயரம் 17 மி.மீ., சொல் 100 மி.மீ. சொச்சம். அட்டையில் இரண்டு பக்கமும் தாராளமாக இடம் மிஞ்சும். விலை கொஞ்சம் கூடுதல், ஆனால் முனை தேயாது, மைக்குழாயை மட்டும் மாற்றினால் போதும். அந்த மை தண்ணீரில் கரையும், 22-ஆம் தேதி எழுதியதை மறந்துவிடாதீர்கள்.

இரண்டாவது, மை தீர்ந்துபோன குண்டு முனை ஒயிட்போர்டு மார்க்கர். அதன் முனையைக் குறடால் பிடுங்கி, புது பிளேடால் இரண்டு பக்கமும் சீவினால் உங்களுக்கு வேண்டிய அகலத்தில் பட்டை முனை கிடைக்கும். ஒரே இழுப்பில் சீவ வேண்டும், அறுத்தால் நார் கிளம்பும். பிறகு மை ஊற்றிக்கொள்ளலாம். என்னிடம் இப்படிச் சீவியவை ஆறு இருக்கின்றன, அதில் இரண்டு கடையில் வாங்கியதை விட நன்றாக எழுதுகின்றன.

11 நவம்பர்

மார்க்கரிலிருந்து கொஞ்சம் விலகுகிறேன். இன்று பழைய மளிகைக்கடை ஒன்றின் ஷட்டருக்கு மேல் ‘விலை’ என்ற சொல்லைப் பார்த்தேன். துதிக்கை மாதிரி வளைந்து ‘ல’வோடு ஒட்டிக்கொள்கிற பழைய ‘லை’. 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டபோது மாறிய பதின்மூன்று எழுத்துகளில் ஒன்று. ணா, றா, னா, ணை, லை, ளை, னை, பிறகு ண, ற, ன மூன்றின் ஒகர ஓகார வடிவங்கள். பெரியார் 1935-இலேயே குடி அரசில் புது வடிவங்களைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார், ஆணை வர நாற்பது வருஷத்துக்கு மேல் ஆனது.

அச்சுக்கும் தட்டச்சுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மாற்றம் நல்லது, அதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை. வரைகிற கைக்கு மட்டும் அந்தப் பழைய ‘லை’ பெரிய விருந்து. இரண்டு எழுத்து அகலம் பிடிப்பதை ஒன்றரையில் முடித்துவிடும், மேலே ஓர் அலங்காரத்தையும் தானே கொண்டுவந்துவிடும். பெரியப்பா எழுதிய போர்டுகளில் புது ‘லை’தான். அவருடைய குரு எழுதியவற்றில் பழையது. தாத்தா பாட்டிக்கு அனுப்புகிற அட்டையில் ஒன்றே ஒன்று எழுதிப் பாருங்கள், அவர்கள் கண்டுகொள்வார்கள்.

19 நவம்பர்

‘பட்டை முனைதான் தமிழுக்குச் சரி, குண்டு முனை வேண்டாமா?’ என்ற கேள்விக்கு நான் ‘வேண்டாம்’ என்று ஒரு சொல்லில் பதில் போட்டிருக்கிறேன். அதை எடுத்துவிட்டேன். தவறான பதில்.

ஓலையில் எழுத்தாணி கீறியபோது தடித்த கோடு மெல்லிய கோடு என்ற பேச்சே இல்லை. எல்லாக் கோடும் ஒரே கனம். கீறலில் கரியைத் தடவித் துடைத்தால் எழுத்து தெரியும். இன்று கையில் இருக்கிற மார்க்கர்களில் அந்தக் கோட்டுக்கு மிக நெருக்கமானது குண்டு முனைதான். பட்டை முனையின் கனபேதம் நம்மிடம் பிறகுதான் வந்தது. குண்டு முனையில் எழுதும்போது அழகுக்கு ஒளிந்துகொள்ள இடமில்லை, வளைவும் இடைவெளியும் மட்டும்தான் கையில். ஓவியர் ஆதிமூலம் பத்திரிகைகளுக்கும் புத்தகங்களுக்கும் எழுதிய தலைப்பு எழுத்துகளை எடுத்துப் பாருங்கள். காந்தியைக் கோடு கோடாக வரைந்த அதே கை. எழுத்தையும் உருவமாகவே பார்த்திருக்கிறார்.

எனவே ஸ்கெட்ச் பேனா மட்டும்தான் இருக்கிறது என்றால் அதோடு தொடங்குங்கள். ஒரு குறையும் இல்லை.

20 நவம்பர்

நேற்றையதோடு சேர்த்து ஒரு வரி. ஃபைபர் முனைப் பேனாவை 1962-இல் ஜப்பானில் உருவாக்கியவர் யுகியோ ஹோரியே. அவருடைய நிறுவனம்தான் பின்னால் பென்டெல் ஆனது. ‘ஃபுடே’ என்றால் அங்கே தூரிகை. தூரிகையால் எழுதிய நாட்டில் பிரஷ் பேனா பிறந்ததில் ஆச்சரியமில்லை. எழுத்தாணியால் எழுதிய நாம் அதைக் கையில் எடுக்கும்போது கொஞ்சம் பழக வேண்டியிருக்கிறது.

8 டிசம்பர்

இனி அட்டை.

‘பொங்கல்’ பெரிதாக, அடியில் ‘வாழ்த்து’ சிறிதாக என்று வைத்துக்கொள்வோம். ‘பொங்கல்’ பட்டை முனையில். ஒற்றைக்கொம்பின் சுழியைச் சின்னதாக வைக்காதீர்கள், அதுதான் சொல்லின் வாசல். துணைக்காலை ‘ப’வின் வலது காலோடு ஒட்டிவிடாமல் ஒரு முனை அகலம் இடைவெளி விடுங்கள். அதற்குப் பிறகு ‘ங்’. உள்ளே இடம் குறைந்த எழுத்து, அதன் மேல் புள்ளி வேறு. புள்ளியை வட்டமாக வரையாமல் பட்டை முனையை அதே கோணத்தில் வைத்து ஒரு சின்ன இழுப்பு இழுங்கள், வைரம் மாதிரி சாய்ந்த கட்டம் விழும். இரண்டு புள்ளிகளும் ஒரே உயரத்தில் இருக்கட்டும். ‘ல்’ கடைசி என்பதால் அதன் ஏறுகிற கோட்டைக் கொஞ்சம் நீட்டலாம்.

‘வாழ்த்து’வில்தான் எல்லாரும் சிக்குவார்கள். ழ், த், து என்று மூன்று எழுத்து வரிசையாக வருகின்றன, மூன்றுக்கும் வால் கீழே இறங்குகிறது. மூன்றையும் ஒரே நீளத்தில் விட்டால் சீப்புப் பல் மாதிரி இருக்கும். மூன்றையும் நீட்டினால் ஒன்றையொன்று வெட்டும். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நான் ‘ழ’வை நீட்டுவேன். அதன் வாலை இடப்பக்கம் ‘வா’வுக்கு அடியில் நீளமாக இழுத்துவிட்டு, ‘த்’, ‘து’ இரண்டையும் குட்டையாக முடித்துவிடுவேன். இங்கேதான் உங்கள் பிரஷ் பேனாவுக்கு வேலை. அந்த நீண்ட வால் தொடக்கத்தில் கனத்து, போகப்போக மெலிந்து, நுனியில் மயிரிழையாக முடிகிற அழகு பட்டை முனையில் வராது. கெட்டி முனை ஃபுடேனோசுகே இதற்குப் போதும். அக்டோபர் 6-இல் வாங்கச் சொன்னது வீணாகவில்லை.

ஒரு நாளைக்கு நான்கு அட்டை. அதற்கு மேல் கை தளர்ந்து கோணம் பிசகும். பத்து நாள் வேலை. டிசம்பர் கடைசிக்குள் முடித்தால் தபாலுக்கு நேரம் இருக்கும்.

27 டிசம்பர்

பதினாறாவது அட்டையில் ‘க’ இல்லாமல் ‘பொங்ல்’ என்று எழுதிவிட்டதாகச் சொல்லியிருந்தீர்கள். லெட்டரிங் செய்கிற எல்லாருக்கும் நடப்பது. வரையும்போது கண் வடிவத்தைப் பார்க்கும், சொல்லைப் படிக்காது. பெரியப்பா ஒவ்வொரு எழுத்தை முடித்ததும் அடுத்த எழுத்தை வாய்விட்டுச் சொல்வார். கீழே நிற்கிறவர்களுக்கு மந்திரம் சொல்வது போல இருக்கும். நானும் சொல்கிறேன். அந்த அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள், பின்பக்கத்தில் மை ஊறுகிறதா என்று பார்க்க வைத்துக்கொள்ளுங்கள்.

16 ஜனவரி 2025

எனக்கும் ஓர் அட்டை வந்தது. எதிர்பார்க்கவில்லை.

உறையின் ஒரு மூலை நனைந்திருந்தது, விலாசம் அப்படியே இருக்கிறது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ‘ப’வைப் பார்த்தேன். வலது காலின் உச்சியில் பட்டை முனை முதலில் பட்ட சாய்வு வெட்டு தெளிவாகத் தெரிகிறது. மேலிருந்து இறக்கியிருக்கிறீர்கள். ‘ழ’வின் வால் ‘வா’வைத் தாண்டி அட்டையின் ஓரம் வரை போயிருக்கிறது, நான் இவ்வளவு தூரம் விட்டிருக்க மாட்டேன், விட்டிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

டிசம்பர் 8-இல் இரண்டு புள்ளிகளும் ஒரே உயரத்தில் இருக்கட்டும் என்று எழுதியிருந்தேன். நீங்கள் ‘ல்’லின் புள்ளியை, நீண்ட கோட்டுக்கு ஏற்ப, கொஞ்சம் மேலே ஏற்றியிருக்கிறீர்கள். அதுதான் சரி. அட்டை பெரியப்பாவிடம் போகிறது, அவருக்குக் காட்ட வேண்டும்.